முதுகைத் திருப்பிக்கொண்ட ஆமை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் பாதி வருடம்தான் அது ஏரி. மீதி வருடம் வெடித்த சேறும் சரளைக் கல்லுமாகக் கிடக்கும். அந்த ஏரியில் ஒரு பாறை, பாறையின் மேல் ஓர் ஆமை.

குழந்தைகளே, அந்த ஏரியில் வேறு ஆமையே கிடையாது. முன்பு நிறைய இருந்தன. ஒரு கடும் கோடையில் அவையெல்லாம் ஆற்றைத் தேடிக் கிளம்பின.

"வர்றியா, இல்லையா?" என்று கேட்டன.

"இதோ, அந்த மீன்கொத்தி பொந்துக்குள்ள போனதும் வந்துடறேன்" என்றது நம் ஆமை.

மீன்கொத்தி ஆற அமரத் தன் பொந்துக்குள் போனது. ஆமை திரும்பிப் பார்த்தது. மற்ற ஆமைகள் புறப்பட்டுப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது!

வேடிக்கை பார்ப்பதில் அப்படி ஒரு பித்து அதற்கு. வேறு எதையும் அல்ல, பறவைகளைத்தான் பார்க்கும்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும். நிரம்பிய ஒரு வாரத்தில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும். மார்கழிப் பனியில் வடக்கேயிருந்து வாத்துக் கூட்டம் வரும். தை மாதம் கோரைப் புல்லுக்குள் நீர்க்கோழி முட்டையிடும். பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ஏரி வற்றும். சித்திரையில் ஒரே ஒரு ஆள்காட்டிக் குருவி ஜோடிதான் மிஞ்சும்.

எந்த நாரை முதலில் வரும், எந்த வாத்துக்கு இடது கால் கொஞ்சம் நொண்டும், யார் யாரோடு சண்டை, எல்லாம் ஆமைக்கு அத்துப்படி. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பறவைகளிடம் சொல்லலாமே என்பீர்கள். பறவைகளுக்கு அது ஒரு கல். ஒரு முறை நாரை ஒன்று அதன் முதுகில் ஏறி நின்று, நத்தைச் சேறு ஒட்டிய அலகை அதன் ஓட்டிலேயே தேய்த்துத் துடைத்துவிட்டுப் போனது. "பரவாயில்ல" என்றது ஆமை. நாரை அதற்குள் பறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தை சொல்ல ஆமை நான்கு மாதம் காத்திருந்தது. பாவம், அதற்குத் தனிமை தாங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு தை மாதக் காலையில், வெயில் காய்வதற்காக உடும்பு ஒன்று பாறைக்கு வந்தது.

"என்ன ஆமையண்ணே, எதை இப்படி உத்துப் பாக்குறீங்க?" என்று கேட்டது.

அண்ணே! ஆமையை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"பறவைங்களைத்தான் தம்பி. உனக்கு அதெல்லாம் சலிப்பா இருக்கும்."

"ஐயோ, எனக்கா? சொல்லுங்கண்ணே. எனக்குக் கதை கேக்கறதுன்னா உசுரு."

உடும்பு தாடையைப் பாறையில் வைத்துக்கொண்டு கேட்டது. குறுக்கே பேசவில்லை, கொட்டாவி விடவில்லை. நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் சொன்னது. குழந்தைகளே, நன்றாகப் பேசத் தெரிந்தவனைக் கண்டு எல்லோரும் உஷாராகிவிடுவோம். நன்றாகக் கேட்கத் தெரிந்தவனிடம்தான் ஏமாந்துபோவோம்.

"அந்த மூணாவது கருவேல மரம் இருக்கே, அதுல தாழ்ந்த கிளையில ஒரு புது ஜோடி" என்றது ஆமை. "இதுதான் அதுங்களுக்கு முதல் கூடு. விவரம் பத்தாது. உச்சி வெயில்ல ரெண்டுமே நத்தை பொறுக்கப் போயிடுதுங்க."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமேதான்! கூட்டுல யாருமே இல்ல. பாத்தா சிரிப்பா வரும்."

"அப்புறம்?" என்றது உடும்பு.

மறுநாள் அந்தக் கூட்டில் முட்டை இல்லை. புது ஜோடி கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று ஆமை நினைத்துக்கொண்டது. முந்தின நாள் காற்றே அடிக்கவில்லை என்பது அதற்குத் தெரியும். இலை அசைந்தாலும் கவனிக்கிற ஆமை அது. ஆனாலும் காற்று என்றே நினைத்துக்கொண்டது.

உடும்பு தினமும் வந்தது. ஆமை தினமும் பேசியது. ஒரு நாள் உடும்பின் தாடையில் மஞ்சளாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"அது என்ன தம்பி, கன்னத்துல?"

"மகரந்தம் அண்ணே. ஒரு பூவுக்குள்ள மூக்கை விட்டுட்டேன்."

"இந்த மாசத்துல இங்க எந்தப் பூவும்..." என்று தொடங்கிய ஆமை, வாயை மூடிக்கொண்டது. கேட்டுவிட்டால் உடும்பு கோபித்துக்கொண்டு போய்விடுமே! போனால் நாளைக்கு யார் "அப்புறம்?" என்று கேட்பார்கள்? அதனால் ஆமை கோரைப் புல்லுக்குள் இருக்கும் நீர்க்கோழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது.

இரண்டே நாளில் நீர்க்கோழியின் ஏழு முட்டைகளும் போய்விட்டன.

நாரை உரக்கக் கத்தி அழுதுவிட்டுப் போய்விடும். நீர்க்கோழி அப்படி இல்லை. மெல்லிய குரலில் கொக் கொக் என்று கூப்பிட்டுக்கொண்டு, மூன்று நாள் அந்தக் கோரைக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தது. ஏதோ முட்டைகள் எழுந்து எங்கேயோ விளையாடப் போய்விட்ட மாதிரி தேடியது. ஆமை மூன்று நாளும் அந்தக் குரலைக் கேட்டது. காற்றின் மேல் பழியைப் போட இந்த முறை அதற்கு மனம் வரவில்லை.

"எடுத்தது உடும்புதான்" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "வழி காட்டினது நான்தான்."

அவமானத்தில் அதற்குத் தலையை வெளியே நீட்டவே பிடிக்கவில்லை.

பங்குனி வந்தது. நாரைகள் கிளம்பின. வாத்துகள் கிளம்பின. நொண்டி வாத்து கடைசியாகப் போனது. யாரும் விடைபெற்றுக்கொள்ளவில்லை. கல்லிடம் யார் விடைபெறுவார்கள்? ஏரி சுருங்கிச் சுருங்கி, நடுவிலே ஒரு மடுவாக நின்றது. ஆமையின் பாறையும் அந்த மடுவின் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. எதிர்க்கரை மணல் திட்டில் ஒரு முதலை குழி தோண்டி முட்டையிட்டுப் புதைத்துவிட்டு, பக்கத்துத் தண்ணீரில் மூக்கை மட்டும் நீட்டியபடி கிடந்தது. அதைக் கண்டவர்கள் மரக்கட்டை என்பார்கள். ஆமைக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தில் பாறைக்குப் பின்னால் பரந்து கிடந்த சரளை மேட்டில், ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது.

ஆள்காட்டியைத் தெரியுமல்லவா? காட்டில் யார் நடமாடினாலும் ஊரைக் கூட்டிவிடும். சந்தேகம் அதன் கூடப்பிறந்தது. ஆனால் அது கூடு கட்டாது. சரளைக்கல் நடுவே, சரளைக்கல் நிறத்திலேயே முட்டையிடும். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. இடம் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அந்த முட்டைகளுக்குக் காவல்.

ஆமைக்கு அந்த இடம் தெரியும். தாய்க் குருவி பாறை ஓரத்துக்கு ஓடிவந்து, தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்ப ஓடி முட்டைகளின் மேல் உட்காரும். வெயிலில் முட்டைகள் வெந்துவிடக் கூடாதே! ஏரியில் ஆமைக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான். முட்டையிட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. பொரிக்க இன்னும் இருபது நாள்.

உடும்பு வந்து உட்கார்ந்தது.

"ஏண்ணே, இப்பெல்லாம் எதுவுமே சொல்ல மாட்டேங்குறீங்க? ஆள்காட்டி எங்க முட்டை வெச்சிருக்கு?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். நாரை முட்டையைத் தின்னது நீ. நீர்க்கோழி முட்டையைத் தின்னது நீ. இனிமே இங்க வராதே."

உடும்பு கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பாறை என்ன, உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நான் பாட்டுக்கு வெயில் காயறேன், நீங்க பாட்டுக்கு வேடிக்கை பாருங்க" என்றது.

சரி, நாம் வாயைத் திறக்காவிட்டால் போதும் என்று ஆமை நினைத்தது. அன்றைக்கும் தாய்க் குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடியது. ஆமை வழக்கம்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தது. உடும்போ குருவியைப் பார்க்கவில்லை, சரளையைப் பார்க்கவில்லை. ஆமையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று அது பாறையிலிருந்து இறங்கிச் சரளை மேட்டுக்குள் நடந்தது. நாலு அடி போனது, திரும்பி ஆமையின் கண்ணைப் பார்த்தது. இன்னும் நாலு அடி போனது, திரும்பிப் பார்த்தது. முட்டைகளுக்கு அது நெருங்க நெருங்க, ஆமையின் கண்கள் பயத்தில் அகல அகல விரிந்தன. ஆள்காட்டிகள் இரண்டும் அலறிக்கொண்டு அதன் தலையில் பாய்ந்து பாய்ந்து கொத்தின. போதாக்குறைக்கு, உச்சி வெயிலில் கல்லெல்லாம் அடுப்பாகக் கொதித்தது. வயிறு சுட்டுப்போன உடும்பு ஓட்டமாகத் திரும்பி வந்தது.

"பரவாயில்ல, நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாத்துக்கறேன்" என்று சிரித்தது. "நீங்க வாயைத் திறக்கவே வேணாம் அண்ணே. உங்க கண்ணே எல்லாத்தையும் சொல்லிடுது."

ஆமை ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்த்தது. குருவியிடம் போய்ச் சொல்லிவிடலாமா? ஆமை நகர்ந்தால் உடும்பும் பின்னாலேயே வரும், அதைவிட நேராக வழி காட்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுக்குள் போய்விடலாமா? அப்போது உடும்பு தானாகவே சரளை முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தேடும். இருபது நாள் தேடினால் கிடைக்காமலா போகும்?

மாலை வரைக்கும் யோசித்தது. பொழுது சாயும் நேரத்தில், மெல்ல மெல்லத் தன் உடம்பையே திருப்பியது. சரளை மேட்டுக்கு முதுகைக் காட்டி, மடுவின் வலது பக்கம் காய்ந்து நின்ற கோரைப் புதரைப் பார்த்து உட்கார்ந்தது.

விடிந்ததும் உடும்பு வந்தது. ஆமையின் கண் போன திசையைப் பார்த்தது.

"அட, அங்கயா? நேத்து கோட்டை விட்டுட்டேன் போலிருக்கே!"

கோரைப் புதரை அடியோடு கிளறியது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆமை ஒரு பட்டுப்போன மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடும்பு வேரைத் தோண்டியது. அதற்கு அடுத்த நாள் ஒரு மண் புற்றைப் பார்த்தது. உடும்பு புற்றுக்குள் மூக்கை விட்டது. எறும்புகள் அதை ஒரு வழி பண்ணிவிட்டன. வீங்கிய மூக்கோடு திரும்பி வந்தாலும் அது ஆமையின் கண்ணை நம்புவதை விடவில்லை. ஒன்றுமில்லாத இடத்தை ஆமை உற்றுப் பார்த்து அது கண்டதே இல்லை, பாருங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று இடம். ஒவ்வொரு நாளும் அதையே கண் கொட்டாமல் பார்க்க வேண்டும், ஆசையோடு பார்க்க வேண்டும். குழந்தைகளே, ஒன்றுமில்லாத இடத்தை ஆசையோடு பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் தாய்க் குருவி ஓடிவரும் சத்தம் கேட்கும். சளக்கென்று தண்ணீரில் வயிறு நனையும் சத்தம். பிறகு ஈரக் கால்கள் கல்லின் மேல் திரும்பி ஓடும் சத்தம். ஒரு முறை திரும்பினால் போதும், பார்த்துவிடலாம். ஆமையின் கழுத்து தானாகவே திரும்பப் பார்க்கும். அது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது என்று எழுதலாம், ஆனால் ஆமைக்குப் பல் கிடையாது. ஆகவே சும்மா பொறுத்துக்கொண்டு இருந்தது. இத்தனை வருடத் தனிமையில் இப்படி அது தனியாக இருந்ததே இல்லை. முன்பெல்லாம் பேச ஆள் இல்லாவிட்டாலும் பார்க்கவாவது பறவைகள் இருந்தன.

இருபதாம் நாள் காலை. உடும்பு எரிச்சலோடு வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, நீங்க வேணும்னே என்னை அலையவிடறீங்களோ?"

அந்த நேரம் பார்த்து, பின்னால் சரளை மேட்டிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கீச். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு ஒன்று குரல் கொடுத்தது. இன்னொன்று பதில் கொடுத்தது.

உடும்பு தலையைத் தூக்கியது. "என்ன சத்தம் அது?" என்று சரளைப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

ஆமை சட்டென்று கழுத்தை முழு நீளத்துக்கும் நீட்டியது. பின்னால் அல்ல, முன்னால். மடுவின் எதிர்க்கரையில் இருந்த மணல் திட்டை, பிறந்தது முதல் இதுவரை எதையுமே பார்க்காத மாதிரி, கண்கள் பிதுங்கப் பார்த்தது.

உடும்பு நின்றது. இப்படி ஒரு பார்வையை அது ஆமையிடம் பார்த்ததே இல்லை.

"ஓகோ! அங்கதான் பொரிக்குதா? தண்ணிக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் இங்க எதிரொலிக்குதா?" என்று சொல்லிக்கொண்டே மடுவில் குதித்து நீந்தியது. அவசரக்காரன் தனக்கு வேண்டிய காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்வான்.

இந்த முறை ஆமை ஏமாற்றவில்லை. அது பார்த்த இடத்தில் உண்மையிலேயே முட்டைகள் இருந்தன.

உடும்பு மணலைப் பறித்தது. முதல் முட்டை தெரிந்தது. "ஆகா, எவ்வளவு பெருசு!" என்று வாயைத் திறந்தது. அதற்குள் பக்கத்தில் கிடந்த மரக்கட்டை எழுந்து வந்தது. ஒரே கடி. உடும்பின் வாலில் பாதி முதலையின் வாயில் இருந்தது. மீதி உடும்பு கரையேறி, புதர் தாண்டி, காடு தாண்டி, நின்று திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அந்த ஏரிப் பக்கம் அது பிறகு வரவே இல்லை.

ஆமை பெருமூச்சு விட்டது. இனிமேல் திரும்பலாம்! ஆசை ஆசையாக உடம்பைத் திருப்பத் தொடங்கியது. ஆமை திரும்புவது என்றால் சும்மாவா? வலது கால், இடது கால், மறுபடி வலது கால் என்று அது திரும்பி முடிப்பதற்குள் சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டது.

சரளையில் உடைந்த ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. குஞ்சுகள் பொரிந்து, உலர்ந்து, எழுந்து நடந்தேவிட்டன. ஆள்காட்டிக் குஞ்சுகள் அப்படித்தான், பிறந்த அன்றே ஓடும். ஓடு பிளக்கும் அந்த நேரத்தைத்தான் ஆமை ஒவ்வொரு வருடமும் காத்திருந்து பார்க்கும். இந்த வருடம் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் தாய்க் குருவி நான்கு பஞ்சு உருண்டைகளை அழைத்துக்கொண்டு தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தது. ஆமையின் கண்களைக் கண்டதும் அப்படியே நின்று அலறியது.

"அசையாதீங்க! அதோ பாறை மேல இருக்கே, அதைக் கல்லுன்னு நினைக்காதீங்க. அது உடும்போட கூட்டாளி. மாசக்கணக்கா ரெண்டும் ஒண்ணா உக்காந்திருந்ததை நான் பாத்தேன். அது பாக்குற இடத்துக்கெல்லாம் உடும்பு வரும்!"

நான்கு குஞ்சுகளும் சட்டென்று பதுங்கின. அவ்வளவுதான், சரளையில் நான்கு கற்கள் கூடிவிட்டன. எது கல், எது குஞ்சு என்று ஆமைக்கே தெரியவில்லை.

"இல்ல தாயே, நான்..." என்று ஆமை வாயைத் திறந்தது. சொல்வதற்கு இருபது நாள் கதை இருந்தது. ஆனால் அதற்கு முந்தின கதையும் இருந்தது. குருவி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே! ஆமை வாயை மூடிக்கொண்டது.

வெயில் கொளுத்தியது. குஞ்சுகள் பிறந்து இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆமை பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவை அசையப் போவதில்லை.

ஆமை ஒரு கணம் தயங்கியது. பிறகு வலது கால், இடது கால், மறுபடி வலது கால் என்று, வந்த வழியே மெல்லத் திரும்பியது. முதுகை அவற்றுக்குக் காட்டி, யாருமில்லாத தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின்னால், ஈர மணலில் சின்னச் சின்னக் காலடிகள் கேட்டன. ஒரு அலகு தண்ணீரைத் தொட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான்காவது சத்தத்துக்காக ஆமை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. அதுவும் கேட்டது.

நீதி: நம் தனிமையைப் போக்கிக்கொள்வதற்காகப் பிறருடைய இரகசியத்தைச் சொல்லிவிடக் கூடாது.